மடியில் இருந்து இருக்கைக்கு: குழந்தைகளின் கார் சீட் வந்த கதை

பச்சைக் குழந்தைக்கு உலகத்திலேயே பாதுகாப்பான இடம் தாயின் மடிதான் என்று சொல்வார்கள். வீட்டில் அது உண்மை. ஓடுகிற காரில் அது உண்மை இல்லை. கேட்கக் கசப்பாக இருக்கும் இந்த ஒரு விஷயத்தைப் பெற்றோர்களும், கார் கம்பெனிகளும், சட்டசபை உறுப்பினர்களும் ஒப்புக்கொள்வதற்கு, கார் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் ஆயின.

இன்று கடைகளில் விற்கும் குழந்தைகள் கார் சீட் பார்ப்பதற்கு ஒரு சின்ன மெத்தை நாற்காலி போலத்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் கூடு, ஐந்து பட்டைகள், ஒரு சிவப்புப் பொத்தான். ஆனால் இதன் பின்னால் ஒரு ஸ்வீடன் நாட்டு மருத்துவர், ஒரு அமெரிக்கச் சிற்றூர் டாக்டர், தோற்றுப்போன விதிகள், தவறிப்போன ஆய்வுகள் என்று நீண்ட கதை இருக்கிறது. அந்தக் கதை தெரிந்தால், எந்த சீட்டை வாங்குவது, எப்படிப் பொருத்துவது என்ற கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

மடி ஏன் போதாது?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கார் மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஊருக்குள்ளேயே சாதாரணமாகப் போகும் வேகம்தான். விநாடிக்கு 13 மீட்டருக்குச் சற்று அதிகம். அந்தக் கார் ஒரு சுவரில் மோதுகிறது. காரின் முன்பகுதி 60 சென்டிமீட்டர் நசுங்கிக் கார் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், நிற்பதற்கு ஆகும் நேரம் பத்தில் ஒரு பங்கு விநாடிகூட இல்லை. அந்த நேரத்தில் உள்ளே இருப்பவர்கள் மீது அவரவர் எடையைப் போலச் சராசரியாகப் பதினைந்து மடங்கு விசை வேலை செய்கிறது. அதாவது 10 கிலோ எடையுள்ள ஒரு வயதுக் குழந்தையைப் பிடித்து நிறுத்த 150 கிலோவைத் தாங்கும் கைகள் வேண்டும். உச்சக்கட்ட நொடியில் இது இன்னும் அதிகம்.

கையில் பலம் இருந்தாலும் நேரம் இல்லை. ஆபத்தைக் கண்டு கையை இறுக்குவதற்கே ஒரு மனிதருக்கு ஐந்தில் ஒரு பங்கு விநாடியாவது வேண்டும். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இந்த மோதல், 9 மீட்டர் உயரத்தில் இருந்து, அதாவது மூன்றாவது மாடியில் இருந்து கீழே விழுவதற்குச் சமம். மாடியில் இருந்து குதிக்கும்போது குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டால் போதும் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். காரில் மட்டும் அப்படி நினைக்கிறார்கள். காரணம், காருக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு வேகம் தெரிவதில்லை.

இதைவிட மோசமான இன்னொரு விஷயம் உண்டு. குழந்தையை மடியில் வைத்திருப்பவர் சீட் பெல்ட் போடவில்லை என்றால், அவருடைய ஐம்பது அறுபது கிலோ உடம்பும் குழந்தையோடு சேர்ந்து முன்னால் பாயும். டாஷ்போர்டுக்கும் பெரியவர் உடம்புக்கும் நடுவில் குழந்தை மாட்டிக்கொள்ளும். ஒரே பெல்ட்டைத் தனக்கும் மடியில் இருக்கும் குழந்தைக்கும் சேர்த்துப் போட்டாலும் இதே கதிதான்.

அசையாமல் உட்கார வைக்க ஒரு நாற்காலி

குழந்தைகளுக்கான முதல் கார் சீட்டுகள் பாதுகாப்புக்காகச் செய்யப்படவில்லை என்பதுதான் ஆச்சரியம். 1930களில் அமெரிக்காவில் பன்னி பேர் என்ற கம்பெனி குழந்தைகளுக்கான கார் இருக்கைகளை விற்றது. அவற்றின் நோக்கம் இரண்டே இரண்டுதான். ஒன்று, குழந்தை கார் முழுவதும் தவழ்ந்து ஓட்டுநரைத் தொந்தரவு செய்யாமல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இரண்டு, ஜன்னல் வழியாக வெளியே வேடிக்கை பார்க்கும் அளவுக்கு அதை உயரமாக உட்கார வைக்க வேண்டும்.

1940களில் வந்த சீட்டுகள் இன்னும் எளிமையானவை. இரும்புக் கம்பிச் சட்டத்தில் தடித்த துணியைக் கட்டி, இரண்டு கொக்கிகளால் முன் இருக்கையின் முதுகில் மாட்டிவிடுவார்கள். சிலவற்றில் குழந்தை விளையாட ஒரு பொம்மை ஸ்டீயரிங் சக்கரமும் இருக்கும். கார் மோதினால் கொக்கி கழன்று, சீட்டும் குழந்தையும் சேர்ந்தே கண்ணாடியை நோக்கிப் பறக்கும். ஆனால் அந்தக் காலத்தில் பெரியவர்களுக்கே காரில் சீட் பெல்ட் இல்லை. விபத்து என்பது விதி, அல்லது ஓட்டுபவரின் தவறு. காரின் உட்புறத்தை மாற்றி உயிரைக் காப்பாற்றலாம் என்ற எண்ணமே பரவலாக வரவில்லை.

1959ல் வோல்வோ கம்பெனியின் பொறியாளர் நில்ஸ் பூலின் இன்று எல்லாக் கார்களிலும் இருக்கும் மும்முனை சீட் பெல்ட்டை வடிவமைத்தார். அதன் காப்புரிமையை மற்ற கம்பெனிகளும் பயன்படுத்திக்கொள்ள வோல்வோ அனுமதித்தது. பெரியவர்களுக்கு வழி பிறந்தது. குழந்தைக்கு? பெரியவரின் இடுப்பு எலும்புக்கும் தோளுக்கும் அளவெடுத்த பெல்ட், குழந்தையின் வயிற்றிலும் கழுத்திலும்தான் போய் உட்காரும்.

1962: இரண்டு நாடுகளில் இரண்டு யோசனைகள்

குழந்தையைக் காப்பாற்றுவதற்கென்றே செய்யப்பட்ட முதல் இருக்கைகள் 1962ல் வந்தன. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜீன் ஏம்ஸ் என்ற பெண்மணி, குழந்தை பின்பக்கம் பார்த்து உட்காரும்படி, ஆங்கில ஒய் எழுத்து வடிவப் பட்டையோடு ஒரு சீட்டை உருவாக்கினார். அமெரிக்காவின் டென்வர் நகரத்தைச் சேர்ந்த லெனார்ட் ரிவ்கின், குழந்தை முன்பக்கம் பார்த்து உட்காரும் உலோகச் சட்டமுள்ள சீட்டை வடிவமைத்தார். இருவரும் தனித்தனியாகச் செய்த வேலை இது. குழந்தை எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்ற விவாதமும் அன்றே தொடங்கிவிட்டது என்று சொல்லலாம்.

ஸ்வீடனில் கிடைத்த விடை

இந்தக் கேள்விக்கு அறிவியல் ரீதியாக விடை தேடியவர் ஸ்வீடனின் பெர்ட்டில் ஆல்ட்மன். மருத்துவரான இவர் பின்னாளில் கோத்தன்பர்க் நகரின் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1960களின் தொடக்கம் விண்வெளிப் பயணங்களின் காலம். ராக்கெட் மேலே கிளம்பும்போது வீரர்கள் மீது பயங்கரமான விசை விழும். அதைத் தாங்குவதற்காக அவர்கள் மல்லாந்து படுத்தபடி, முதுகு முழுவதும் இருக்கையில் பதிந்திருக்கும்படி வைக்கப்பட்டிருந்தார்கள். விசை உடம்பின் ஒரு இடத்தில் குத்தாமல் முதுகு முழுக்கப் பரவிவிடும். குழந்தைக்கும் இதே வழியைப் பயன்படுத்தினால் என்ன என்று ஆல்ட்மன் யோசித்தார்.

குழந்தையை முதுகு முன்பக்கம் இருக்கும்படி திருப்பி உட்கார வைத்தால், கார் நேருக்கு நேர் மோதும்போது அதன் தலை, கழுத்து, முதுகு எல்லாம் ஒன்றாகச் சீட்டின் முதுகில் அழுந்தும். கழுத்து மட்டும் தனியாக வெட்டி இழுக்கப்படாது. 1964ல் இந்த யோசனையில் உருவான மாதிரி இருக்கையை வோல்வோ காரில் சோதித்துப் பார்த்தார்கள். 1972ல் வோல்வோ பின்பக்கம் பார்த்த குழந்தை இருக்கையை விற்பனைக்கே கொண்டுவந்தது.

இதற்குக் காரணம் குழந்தையின் உடம்பிலேயே இருக்கிறது. பெரியவரின் தலை உடம்பு நீளத்தில் எட்டில் ஒரு பங்கு. பிறந்த குழந்தைக்கோ நான்கில் ஒரு பங்கு. அவ்வளவு கனமான தலையைத் தாங்கும் கழுத்து எலும்புகள் இன்னும் முழுவதும் எலும்பாக மாறாமல், குருத்தெலும்பால் இணைக்கப்பட்ட துண்டுகளாக இருக்கும். தசைநார்களும் தளர்வானவை. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்த குழந்தையின் உடம்பைப் பட்டை பிடித்துக்கொள்ளும். தலையை யார் பிடிப்பது? கழுத்துதான் பிடிக்க வேண்டும். அதனால்தான் ஸ்வீடனில் ஏறக்குறைய நான்கு வயது வரை குழந்தைகளைப் பின்பக்கம் பார்த்தே உட்கார வைக்கும் வழக்கம் வேரூன்றியது. மற்ற நாடுகள் இந்தப் பாடத்தைப் படிக்க இன்னும் முப்பது நாற்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டன.

வளர்ந்த குழந்தைகளுக்கான பூஸ்டர் மெத்தையையும் 1970களின் பிற்பாதியில் வோல்வோதான் கொண்டுவந்தது. இது குழந்தையைக் கொஞ்சம் உயர்த்தி உட்கார வைத்து, பெரியவர் பெல்ட் சரியான இடத்தில் விழும்படி செய்கிறது. வேலை அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வேலை வயிற்றுக் காயங்களில் இருந்து காப்பாற்றுகிறது.

விதி இருந்தது, சோதனை இல்லை

அமெரிக்காவில் 1965ல் ரால்ஃப் நாடரின் புத்தகம் கார் கம்பெனிகளின் அலட்சியத்தைத் தோலுரித்தது. 1966ல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 முதல் புதிய கார்களில் சீட் பெல்ட் கட்டாயமானது. குழந்தை இருக்கைக்கு இது முக்கியமான திருப்பம். ஏனென்றால், இருக்கையைக் காரோடு கட்டிப்போட அதுவரை எதுவும் இல்லை. இப்போது பெல்ட் இருந்தது.

1960களின் கடைசியில் ஃபோர்டு கம்பெனி டாட்-கார்டு என்ற பெயரிலும், ஜெனரல் மோட்டார்ஸ் லவ் சீட் என்ற பெயரிலும் குழந்தை இருக்கைகளை விற்றன. டாட்-கார்டில் பட்டைகளே கிடையாது. குழந்தையின் முன்னால் மெத்தை வைத்த பெரிய பிளாஸ்டிக் கவசம் இருக்கும். மோதினால் குழந்தை அதன்மேல் சாயும். லவ் சீட் பட்டைகளோடு கூடிய பிளாஸ்டிக் கூடு. இன்றைய சீட்டுகளின் நேர் மூதாதை அது.

ஆனால் கடைகளில் பழைய கொக்கி நாற்காலிகளும் இவற்றோடு சேர்ந்தே விற்றுக்கொண்டிருந்தன. எது நல்லது, எது பொம்மை என்று வாங்குபவருக்குத் தெரியாது. 1971ல் அமெரிக்க அரசு குழந்தை இருக்கைகளுக்கான முதல் விதியைக் கொண்டுவந்தது. அதன் எண் 213. இருக்கையைக் கார் பெல்ட்டால் கட்ட வேண்டும், குழந்தையைப் பிடித்துக்கொள்ளப் பட்டையோ கவசமோ வேண்டும் என்றது. பெரிய குறை என்னவென்றால், மோதல் சோதனை கேட்கப்படவில்லை. இருக்கையை நிலையாக வைத்து இழுத்துப் பார்த்தால் போதும். 1972ல் அமெரிக்க நுகர்வோர் அமைப்பின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் இருக்கைகளை உண்மையான மோதல் போலச் சோதித்துப் பார்த்தது. விதிப்படி தேறியவற்றில் பெரும்பாலானவை தோற்றுப்போயின. அரசு முத்திரை இருப்பது வேறு, குழந்தை பிழைப்பது வேறு என்று அப்போது தெரிந்தது. மோதல் சோதனையைக் கட்டாயமாக்கிய திருத்தப்பட்ட விதி 1981ல்தான் நடைமுறைக்கு வந்தது.

டென்னசியின் டாக்டர்

நல்ல இருக்கை கடையில் இருந்தால் மட்டும் போதுமா? 1970களில் அமெரிக்கப் பெற்றோர்களில் பெரும்பாலோர் அதை வாங்கவே இல்லை. வாங்கியவர்களும் ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை. இங்கேதான் ராபர்ட் சாண்டர்ஸ் வருகிறார்.

டென்னசி மாநிலத்தில் மர்ஃப்ரீஸ்பரோ என்ற ஊரில் இருந்த குழந்தை மருத்துவர் இவர். ரதர்ஃபோர்டு கவுண்டியின் பொது சுகாதாரத் துறைக்கும் தலைமை வகித்தார். போலியோவுக்கும் அம்மைக்கும் தடுப்பூசி போட்டுக் காப்பாற்றிய குழந்தைகள் கார் விபத்தில் செத்துப்போவதை அவர் பார்த்தார். நோய்க்குத் தடுப்பூசி இருப்பது போல விபத்துக்கும் தடுப்பு வழி இருக்கிறது, அதைப் போட வைப்பதும் டாக்டரின் வேலைதான் என்று நம்பினார்.

சாண்டர்ஸும் அவருடைய மனைவி பாட்டும் மாநிலம் முழுவதும் உள்ள குழந்தை மருத்துவர்களைத் திரட்டினார்கள். சட்டசபை உறுப்பினர்களுக்கு வார இறுதிகளில் போன் மேல் போன் போட்டார்கள். 1976ல் கொண்டுவந்த மசோதா தோற்றது. பிள்ளையை எப்படி உட்கார வைப்பது என்று அரசாங்கம் பெற்றோருக்குச் சொல்லித் தரலாமா, ஏழைகள் சீட் வாங்கப் பணத்துக்கு எங்கே போவார்கள் என்ற எதிர்ப்புகள் பலமாக இருந்தன. இவை கேலிக்குரிய கேள்விகள் அல்ல. இன்று நம் நாட்டிலும் இதே கேள்விகள் கேட்கப்படுகின்றன.

1977ல் மசோதா மறுபடியும் வந்தது, நிறைவேறியது. 1978 ஜனவரி 1 முதல், நான்கு வயதுக்குக் குறைந்த தங்கள் குழந்தையைக் காரில் கூட்டிப்போகும் பெற்றோர் குழந்தை இருக்கையைப் பயன்படுத்த வேண்டும் என்பது டென்னசியில் சட்டமானது. அமெரிக்காவில் இப்படி ஒரு சட்டம் இதுவே முதல். பெரியவர்கள் சீட் பெல்ட் போட வேண்டும் என்று அந்த நாட்டில் முதல் மாநிலச் சட்டம் வந்தது 1984ல், நியூயார்க்கில். குழந்தைகளுக்கான சட்டம் பெரியவர்களுக்கான சட்டத்தைவிட ஏழு ஆண்டுகள் முந்திவிட்டது.

ஆனால் சட்டத்தில் ஒரு ஓட்டை வைக்கப்பட்டிருந்தது. குழந்தையைப் பெரியவர் ஒருவர் கையில் வைத்திருந்தால் இருக்கை வேண்டியதில்லை என்ற திருத்தம் கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டது. தாயின் மடிதான் பாதுகாப்பானது என்ற பழைய நம்பிக்கை சட்டத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது. சாண்டர்ஸ் தரப்பினர் இதற்கு வைத்த பெயர் ‘குழந்தை நசுக்கித் திருத்தம்’. பெயர் கொடூரமாக இருக்கிறது. ஆனால் மேலே பார்த்த கணக்கு அதைத்தான் சொல்கிறது. அவர்கள் விடவில்லை. 1981ல் அந்தத் திருத்தம் நீக்கப்பட்டது.

ஏழைகள் பற்றிய கேள்விக்கும் விடை தேடப்பட்டது. மருத்துவமனைகளும் சேவை அமைப்புகளும் குழந்தை இருக்கைகளை வாங்கி வைத்துக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தன. குழந்தை வளர்ந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம். 1980ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பும் முதல் பயணமே பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று பிரசாரத்தைத் தொடங்கியது. 1985க்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் குழந்தை இருக்கைச் சட்டம் வந்துவிட்டது. ஒரு சிற்றூர் டாக்டர் தொடங்கிய வேலை எட்டே ஆண்டுகளில் நாடு முழுவதும் பரவியது.

ஐரோப்பாவில் 1980களின் தொடக்கத்தில் ஐ.நா. பொருளாதார ஆணையத்தின் 44ஆம் எண் விதி பொதுத் தரத்தைக் கொண்டுவந்தது. ஜெர்மனியில் 1993ல் குழந்தை இருக்கை கட்டாயமானது. இங்கிலாந்தில் 2006 செப்டம்பர் முதல் 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை இருக்கையோ பூஸ்டரோ வேண்டும் என்ற சட்டம் வந்தது.

காக்க வந்த பலூன்

1990களில் யாரும் எதிர்பார்க்காத ஒரு ஆபத்து வந்தது. பெரியவர்களைக் காப்பாற்ற வந்த ஏர்பேக், குழந்தைகளைக் கொல்ல ஆரம்பித்தது. மோதல் நடந்த கணத்தில் அது வெடித்து, கண் இமைக்கும் நேரத்துக்குள் விரிகிறது. முன் இருக்கையில் பின்பக்கம் பார்த்த குழந்தை சீட்டை வைத்தால், அதன் முதுகுப்பக்கம் டாஷ்போர்டுக்கு மிக அருகில் இருக்கும். விரியும் ஏர்பேக் நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால் அடிக்கும். உயிர் போகாத சின்ன மோதல்களில்கூட இப்படிக் குழந்தைகள் இறந்தன. அமெரிக்காவில் மட்டும் ஏர்பேக்கால் இறந்த குழந்தைகள் நூற்றுக்கும் மேல். அவர்களில் பலர் எந்தப் பட்டையும் போடாமல் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள்.

இதன் பிறகுதான் கார்களில் கொட்டை எழுத்து எச்சரிக்கைகள் ஒட்டப்பட்டன. ஏர்பேக்கின் வேகம் குறைக்கப்பட்டது. முன் இருக்கையில் சிறு எடை இருந்தால் ஏர்பேக்கை நிறுத்தும் உணர்கருவிகள் வந்தன. எல்லாவற்றையும்விட எளிய அறிவுரை ஒன்று பரவியது: குழந்தைகள் பின் சீட்டில்.

அந்த அறிவுரைக்கும் ஒரு பக்க விளைவு இருந்தது. பின் சீட்டில் தூங்கும் குழந்தை ஓட்டுபவர் கண்ணில் படுவதில்லை. வெயிலில் நிறுத்திய காரில் குழந்தையை மறந்துவிட்டுப் போகும் சம்பவங்கள் கவனத்துக்கு வந்தன. கைப்பை, செருப்பு, செல்போன் போன்ற ஏதாவது ஒன்றைக் குழந்தைக்குப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும் என்று இன்று சொல்லித் தருவது இதனால்தான்.

இருக்கை சரி, பொருத்தியது சரியா?

இன்னொரு பிரச்சினை மெதுவாகத் தெரிய வந்தது. வீட்டில் நல்ல சீட் இருக்கிறது, ஆனால் காரில் தளதளவென்று ஆடுகிறது. ஒவ்வொரு காரிலும் பெல்ட் ஒவ்வொரு விதம், ஒவ்வொரு சீட்டும் ஒவ்வொரு விதம். அமெரிக்க அரசின் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை 2011ல் நடத்திய ஆய்வில் ஏறக்குறைய 46 சதவீத இருக்கைகள் ஏதாவது ஒரு விதத்தில் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தன. கிட்டத்தட்ட இரண்டில் ஒன்று.

1970களின் சீட்டுகளிலேயே மேல்பட்டை ஒன்று இருந்தது. சீட்டின் உச்சியைக் காரின் பின்புறத்தோடு கட்டும் பட்டை அது. ஆனால் அதைக் கட்டக் காரில் துளை போட வேண்டும். யார் போடுவார்கள்? பட்டை சும்மா தொங்கியது. தப்பு பெற்றோர் மேல் இல்லை, வடிவமைப்பில் இருக்கிறது என்பதைப் பொறியாளர்கள் புரிந்துகொள்ள நேரமானது. காரிலேயே இரும்பு வளையங்களைப் பொருத்தி, சீட்டை அதில் சொருகினால் போதும் என்ற ஐசோஃபிக்ஸ் முறைக்கு 1999ல் சர்வதேசத் தரம் வந்தது. அமெரிக்காவில் லாட்ச் என்ற பெயரில் 2002 செப்டம்பர் முதல் புதிய கார்களில் இது கட்டாயமானது. அதில் மேல்பட்டையும் திரும்பி வந்தது.

தவறுகளும் திருத்தங்களும்

இந்த வரலாற்றில் ஆய்வாளர்களும் சறுக்கியிருக்கிறார்கள். 2005ல் பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட், இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளின் உயிரைக் காப்பதில் சாதாரண சீட் பெல்ட்டைவிடக் குழந்தை இருக்கை பெரிதாக எதுவும் செய்வதில்லை என்று எழுதிப் பரபரப்பை உண்டாக்கினார். 2006ல் வெளியான வேறொரு ஆய்வு, சரியாகப் பயன்படுத்திய குழந்தை இருக்கை வெறும் பெல்ட்டைவிட மரண அபாயத்தை 28 சதவீதம் குறைக்கிறது என்றது. வாதம் தொடர்ந்தது. ஆனால் ஒன்றில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை: எதுவுமே கட்டாமல் இருப்பதுதான் மிக ஆபத்து.

2007 ஜனவரியில் அதே கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ், பெரும்பாலான கைக்குழந்தை இருக்கைகள் பக்கவாட்டு மோதலில் படுதோல்வி அடைந்ததாக அறிவித்தது. பெற்றோர்கள் அலறிவிட்டார்கள். சோதனை நடந்தது மணிக்கு 38 மைல் மோதலுக்குச் சமமாக என்றார்கள். உண்மையில் அது 70 மைலுக்கு மேற்பட்ட மோதலுக்குச் சமமாக இருந்தது தெரிந்ததும், இரண்டே வாரத்தில் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். 1972ல் அரசின் தவறைக் காட்டிய இதழ், 2007ல் தன் தவறைத் தானே ஒப்புக்கொண்டது.

அதே 2007ல், பின்பக்கம் பார்த்து உட்காரும் குழந்தைகள் பல மடங்கு பாதுகாப்பாக இருக்கிறார்கள் என்று ஒரு ஆய்வு வந்தது. 2011ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் இரண்டு வயது வரை அப்படியே உட்கார வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். பின்னர் அந்தக் கணக்கில் பிழை இருப்பது தெரிந்து, 2018ல் ஆய்வு திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டில் சங்கம் வயது வரம்பை எடுத்துவிட்டு, அந்தச் சீட் தாங்கும் எடை, உயர எல்லை வரை எவ்வளவு காலம் முடியுமோ அவ்வளவு காலம் பின்பக்கம் பார்த்தே வையுங்கள் என்றது. ஒரு கணக்கு தவறினாலும், ஆல்ட்மன் சொன்ன கழுத்து விஷயம் தவறவில்லை.

ஐரோப்பாவில் 2013ல் வந்த 129ஆம் எண் விதி, பக்கவாட்டு மோதல் சோதனையைக் கட்டாயமாக்கியது. குறைந்தது 15 மாதம் வரை பின்பக்கம் பார்த்த நிலை வேண்டும் என்றது. எடைக்குப் பதிலாக உயரத்தை வைத்துச் சீட் தேர்ந்தெடுக்கும் முறையும் அதில்தான் வந்தது.

இந்த வரலாறு சொல்லித் தருவது என்ன?

மேலே பார்த்த ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு விபத்துப் பாடம் இருக்கிறது. அவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி வரும்.

1. விலை உயர்ந்த சீட் என்பதைவிட, குழந்தையின் எடைக்கும் உயரத்துக்கும், இருக்கும் காருக்கும் பொருந்தும் சீட் என்பதே முக்கியம். 44 அல்லது 129 விதி எண் உள்ள ஒப்புதல் முத்திரை, அல்லது இந்தியத் தரமான ஏ.ஐ.எஸ். 072 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

2. கைக்குழந்தை பின்பக்கம் பார்த்தே இருக்க வேண்டும். கால் மடங்குகிறது என்பது திருப்பி வைக்கக் காரணம் ஆகாது. சீட்டின் எல்லையைத் தாண்டிய பிறகே முன்பக்கம் திருப்ப வேண்டும்.

3. ஏர்பேக் இயங்கும் முன் இருக்கையில் பின்பக்கம் பார்த்த சீட்டை ஒருபோதும் வைக்கக் கூடாது.

4. சீட்டைப் பொருத்திய பின், பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் ஆடக் கூடாது. மேல்பட்டை இருந்தால் கட்டியே தீர வேண்டும்.

5. தோள்பட்டைப் பட்டையை விரலால் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு சிக்கக் கூடாது. பின்பக்கம் பார்த்த நிலையில் பட்டை தோளுக்குச் சமமாகவோ கீழாகவோ, முன்பக்கம் பார்த்த நிலையில் சமமாகவோ மேலாகவோ வர வேண்டும்.

6. பூஸ்டரில் இருந்து இறக்க அவசரப்படக் கூடாது. பெல்ட் இடுப்பெலும்பின் மேலும் தோளின் நடுவிலும் விழ வேண்டும். வயிற்றிலும் கழுத்திலும் விழுந்தால் இன்னும் பூஸ்டர் தேவை. ஏறக்குறைய 145 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை இது நீளலாம்.

7. பழைய சீட்டின் வரலாறு தெரியாவிட்டால் வாங்கக் கூடாது. பெரிய விபத்தில் சிக்கிய சீட்டை மறுபடியும் பயன்படுத்தக் கூடாது. பிளாஸ்டிக்குக்கும் ஆயுள் உண்டு. காலாவதி ஆண்டு சீட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

அமெரிக்க அரசின் கணக்குப்படி, சரியாகப் பயன்படுத்திய இருக்கை கார்களில் கைக்குழந்தைகளின் மரண அபாயத்தை 71 சதவீதமும், 1 முதல் 4 வயதுக் குழந்தைகளுக்கு 54 சதவீதமும் குறைக்கிறது. இந்த எண்களில் ‘சரியாகப் பயன்படுத்திய’ என்ற வார்த்தைதான் கவனிக்க வேண்டியது.

இந்தியாவில்

இந்தியாவில் 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குக் குறைந்த குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் கூட்டிச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் மோதல் சோதனையில், குழந்தைகளின் பாதுகாப்புக்குத் தனி மதிப்பெண்கள் உண்டு. இருசக்கர வாகனத்துக்கும் ஒரு விதி இருக்கிறது. 2023 பிப்ரவரி 15 முதல், 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

சட்டம் இருக்கிறது. ஆனால் பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நின்று பார்த்தால், வீடு திரும்பும் குழந்தைகள் இன்றும் மடியில்தான் போகின்றன. 1978ல் டென்னசியும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது. ஏழைகள் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கு அங்கே மருத்துவமனைகள் இருக்கைகளை வாடகைக்குக் கொடுத்து விடை கண்டன. இங்கேயும் ஆஸ்பத்திரிகளும் சேவைச் சங்கங்களும் அதைச் செய்ய முடியும். அதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. பத்து இருக்கைகளும், அதைப் பொருத்தத் தெரிந்த ஒரு ஆளும் போதும்.

குழந்தையை இருக்கையில் கட்டிவைத்தால் அது அழும். மடியில் எடுத்துக்கொள்ளத் தோன்றும். அப்போது காரை ஓரமாக நிறுத்தி, எடுத்து, சமாதானப்படுத்தி, மறுபடியும் இருக்கையில் உட்கார வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். பத்து நிமிடம் தாமதமாகும். அவ்வளவுதான்.